காலால் பிறந்தவள் கையால் பழகியது

நான் தலையால் பிறக்கவில்லை, காலால் பிறந்தவள். அம்மாவைப் பாடாய்ப் படுத்திவிட்டு முதலில் வலது காலைத்தான் வெளியே நீட்டினேனாம். மருத்துவச்சி பயந்துபோய், "இந்தப் பெட்டை உலகத்தை உதைச்சுக்கொண்டெல்லோ வருகுது!" என்றாளாம். அது முழு உண்மை என்று என் கணவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் சனத்திடம் காலால் பிறந்தவர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. இடுப்புப் பக்கம் நாரி பிடித்துக்கொண்டால், விடியப்புறம், பல்லில் பச்சைத்தண்ணீர் படமுன், காலால் பிறந்த ஒருவர் முதுகில் மூன்று தரம் கால் வைத்தால் பிடிப்பு விட்டுப் போய்விடும் என்பார்கள். ஊரில் இருந்தவரை என் காலை யாரும் பெரிதாகத் தேடி வரவில்லை. கலியாணமாகி, குடியேற்றத்தில் காணி கிடைத்து, முரசுமோட்டைக்கு வந்த பிறகுதான் அதற்கு யோகம் அடித்தது. காடு வெட்டுவதும் வேர் பிடுங்குவதும் வரம்பு கட்டுவதுமாக எல்லாரும் குனிந்தபடி இருந்த காலம் அது. நாரி பிடிக்காத ஆள் ஒருவர்கூட இல்லை. என் கணவர் பரந்தன் சந்தித் தேநீர்க் கடையில் பெருமையாக ஒரு சொல் விட்டுவிட்டு வந்தார், அவ்வளவுதான். அடுத்த நாள் விடியப்புறம் எங்கள் முற்றத்தில் நாலு பேர் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள்.

எனக்கு அந்த நேரம் இருபத்திரண்டு வயது. தலைக்கனம் வராமல் இருக்குமா? சாமி வரம் தந்த கால் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

பக்கத்துக் காணி அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆள் கட்டை, குரல் மட்டும் நெட்டை. எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே லொறியில்தான் வந்து இறங்கியது. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது கஞ்சி பருக்கியவர் அவர். நெருப்புப் பெட்டி, உப்பு, ஊர்ப் புதினம் எல்லாம் வேலியில் கை நுழையும் ஒரு பொட்டால்தான் போய்வரும். அவர் இல்லாவிட்டால் நான் முதல் மாதமே அம்மாவிடம் ஓடியிருப்பேன்.

அப்படிப்பட்ட அக்காவோடு ஒரு கோடைச் சிறுபோகத்தில் தண்ணீருக்குச் சண்டை வந்தது. எங்கள் முறை நாளில் அவர் வாய்க்காலைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டார் என்று நான் வரம்பில் நின்று கத்தினேன். அன்றைக்குத் தன்னுடைய முறை என்று அவர் கத்தினார். நான் சொன்ன சொல்லெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் சொன்னதும் குறைவில்லை.

மறுநாள் பொழுது வெளிக்க முன் படலை திறக்கும் சத்தம் கேட்டது. பார்த்தால் அக்கா. தண்ணீரைத் திருப்ப மண்வெட்டி பிடித்ததில் நாரி பிடித்துவிட்டது. மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, நேரே வந்து பாயில் குப்புறப் படுத்தார்.

"ம்... மிதி. மிச்சக் கதை பேந்து" என்றார்.

எனக்கு இரவு முழுக்க ஆறாத கோபம். முதலாவது மிதி சும்மா பட்டது. இரண்டாவதும் பழுதில்லை. மூன்றாவதில், சத்தியமாய்ச் சொல்கிறேன், என் கோபம் முழுக்கக் குதிக்காலில் இறங்கிவிட்டது. 'ளொடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா "அம்மோய்!" என்றார். எழும்பினார், ஆனால் நிமிரவில்லை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை, சதைதான் இறுகிப்போய் நிற்கிறது, நாள் போகச் சரிவரும் என்று தைலமும் தந்து அனுப்பினார்கள். நாள் போனது, சரிவரவில்லை. அக்கா குனிந்தபடி கூட்டினார், குனிந்தபடி சமைத்தார், விழுந்த ஊசியைத் தேடுகிறவர் போலக் குனிந்தபடியே கிணற்றடிக்குப் போனார். வயலுக்கு இறங்க முடியாமல் போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் "கால் வழுக்கிப்போச்சு" என்றுதான் நான் சொன்னேன். கணவரிடம்கூட அப்படித்தான் சொன்னேன்.

வேலிப் பொட்டை அக்கா கிடுகு வைத்து அடைத்துவிட்டார். என்னோடு பேச்சு இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைத் தன் ஆட்டுக்குச் சொல்வார்.

"கோதாரி பிடிச்ச ஆடே, கண்ட கண்ட இடத்திலை காலை வைக்காதை! நீயும் என்ன காலாலயோ பிறந்தனி?"

எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். இனி ஒருவரின் முதுகிலும் கால் வைப்பதில்லை என்று பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினேன். விடியப்புறம் வந்தவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பினேன்.

அந்த ஆவணியில் என் அண்ணனுக்குக் கலியாணம் நடந்தது. பெண் மலாயாவில் பிறந்து வளர்ந்தவள். தகப்பன் அங்கே ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு திரும்பியவர். "மலாயாப் பெட்டை இந்தக் காட்டுக்குள்ளை ஒரு கிழமை நிப்பாளோ?" என்று ஊர் பந்தயம் கட்டாத குறை. அண்ணனின் காணி எங்கள் காணிக்கு மற்றப் பக்கம். மச்சாள் வந்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், முதல் கிழமையே கோழிக்கூடு கட்டி முடித்தாள். என் வயதுதான். கேலி என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

ஒருநாள் எனக்குக் கழுத்துப் பிடித்து, ஒரு கிழமையாகியும் தலையை ஒரு பக்கமும் திருப்ப முடியவில்லை. மச்சாள் என்னைக் கண்டுவிட்டுப் பாயை விரிக்கச் சொன்னாள்.

"எண்ணெய் குசினியிலை இருக்கு, எடுக்கட்டோ?" என்றேன்.

"எண்ணெய் கறிக்கு. நீர் படும்."

படுத்தேன். அவள் என் காலடியில் இருந்து, கைகூப்பி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு என் உள்ளங்காலை அமர்த்தத் தொடங்கினாள்.

"கழுத்துத்தானே நோகுது மச்சாள், காலிலை என்ன தேடுறீர்?"

"கழுத்துக்கு வழி காலிலை இருந்துதான் போகுது. வாயை மூடும்."

உள்ளங்கையால், பெருவிரலால், முழங்கையால், முழங்காலால், அவள் ஊர்ந்து வந்த விதத்தை என்னவென்று சொல்வேன்! ஒரு இடத்திலும் அவசரம் இல்லை. நான் மூச்சை விடும்போது அமர்த்துவாள், மூச்சை எடுக்கும்போது விடுவாள். கடைசியில் என்னை இருத்தி, இரண்டு கையையும் பின்னால் பிடித்து, முழங்காலை முதுகில் ஊன்றி மெல்லப் பின்னுக்குச் சாய்த்தாள். நான் கூரை முகட்டைப் பார்த்தேன். முகட்டைப் பார்த்துக் கிழமை ஒன்றாகிவிட்டது! என்னையறியாமல் ஒரு சிரிப்பு வந்தது, நிற்கவே மாட்டேன் என்றது. அவளும் சிரித்தாள்.

அது சயாம் நாட்டு உருவலாம். மலாயாவின் வடக்கே, சயாம் எல்லைக்குக் கிட்ட, கெடாவில்தான் மச்சாளின் வீடு. பின்வளவில் ஒரு சயாம்காரி இருந்தாளாம். மச்சாளின் தகப்பனுக்கு முழங்கால் வாதம் வந்தபோது அவள் வந்து உருவ, பார்த்துக்கொண்டிருந்த மச்சாள் ஆறு வருசம் அவள் பின்னாலேயே திரிந்து பழகினாளாம்.

"எனக்கும் பழக்கும்" என்றேன்.

"ஏன்?"

"அக்காவை நிமித்த வேணும்."

மச்சாள் வேலிப் பக்கம் பார்த்தாள். அந்த நேரம் அக்கா குனிந்தபடி ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தார். "நான் செய்து விடலாமே?" என்றாள். "இல்லை, நான்தான் செய்ய வேணும்" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படிப்பு தொடங்கியது. முதல் மூன்று கிழமைக்கு மனித உடம்பைத் தொட விடவே இல்லை. ஒரு சாக்கில் அரைவாசிக்கு நெல் நிரப்பி, வாயைக் கட்டிக் கிடத்திவிட்டாள். அதுதான் எனக்கு முதல் நோயாளி. முழங்காலில் நின்று, கையை மடக்காமல், உடம்பின் பாரத்தை மெல்லச் சாய்த்து, சாக்கின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அமர்த்திக்கொண்டு போக வேண்டும். நெல்லில் கை பட்ட இடமெல்லாம் குழி விழும். எல்லாக் குழியும் ஒரே ஆழமாக, ஒரே நேராக இருக்க வேண்டும். மச்சாள் வந்து குனிந்து பார்ப்பாள்.

"இது கிணறு. இது கோழி கிண்டினது. இது என்ன, வாய்க்காலோ? பெலத்தைக் காட்டாதையும் மச்சாள். நெல்லோடை என்ன கோவம் உமக்கு?"

"கண்டறியாத படிப்பு!" என்று நான் சாக்கைத் தள்ளிவிட்டு எழும்புவேன். பின்னேரம் திரும்ப வந்து அதே சாக்கின் முன்னால் முழங்காலில் நிற்பேன்.

சாக்கைவிடக் கஷ்டமான ஒன்றும் இருந்தது. தொடங்க முதல் கைகூப்பி இருப்பது வெறும் சாமி கும்பிடு இல்லையாம். தன் மூச்சு ஆறுதலாக வருகிறதா என்று பார்க்கவாம். மனதில் கோபம் இருந்தால் அன்றைக்கு ஒருவரையும் தொடக் கூடாது. ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போக வேண்டும். சயாம்காரி போட்ட சட்டமாம் அது.

"கோவம் கையாலை இறங்கும் மச்சாள். நாங்கள் மறைக்கலாம். ஆனா படுத்திருக்கிற ஆளின்ரை உடம்புக்குத் தெரியும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிடுவாளோ என்று சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கோபம் ஊரறிந்தது. கறி கருகினால் கோபம், கணவர் சைக்கிளை நடு முற்றத்தில் விட்டால் கோபம், கோழி குசினிக்குள் வந்தால் கோபம். முதல் மாதத்தில் பாதி நாள் தண்ணீர் குடித்ததிலேயே போயிற்று. "உம்மாலை எங்கடை கிணறு வத்தப் போகுது" என்றாள் மச்சாள். ஆனால் போகப் போக ஒன்றைக் கண்டேன். கைகூப்பி இருக்கையில் கோபம் தானாக இறங்கும் நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் சாக்கில் விழுந்த குழிகள் ஒன்றுபோல் இருந்தன. அப்படியொரு நாளில்தான் மச்சாள் சாக்கைப் பார்த்துவிட்டு, கேலி பண்ணாமல், பாயை விரித்துத் தானே படுத்துக்கொண்டாள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் காலடியில் முழங்காலில் நின்றேன்.

பத்து வழி பழக வேண்டும். தொப்புளில் தொடங்கி கால், கை, முதுகு, தலை என்று உடம்பெல்லாம் ஓடுகிற வழிகள். மச்சாள் ஈர்க்கால் தன் காலில் கோடு காட்டிச் சொல்லித் தந்தாள். நான் வயலில் களை பிடுங்கும்போதும் என் தொடையில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். பிறகு பழகுவதற்கு ஆள் வேண்டுமே. என் கணவர் நல்ல மனதோடு முன்வந்தார். படுத்து ஐந்து நிமிடத்தில் குறட்டை. எங்கே நோகிறது, எங்கே சுகம் என்று கேட்டால் "ம்... ம்..." என்பார். ஆனாலும் வெளியே போய்க் கதை அளப்பார்.

"உப்பில்லாத கறியும் எண்ணெயில்லாத உருவலும் எண்டு சிரிச்சியளே, வந்து படுத்துப் பாருங்கோவன்!"

"பொம்பிளையளுக்கு மட்டும்தான்!" என்று நான் குசினிக்குள் இருந்து கத்துவேன்.

மார்கழி மழைக்குள் பூநகரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கிழிந்த வலை பொத்திப் பொத்தித் தோள் இறுகி, கையை மார்போடு கட்டிக்கொண்டு வந்தவள். மச்சாள் அப்போது மூன்று மாதப் பிள்ளைத்தாய்ச்சி, வாந்தியும் தலைச்சுற்றும், பாயில் குனிய முடியாது. அவள் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான்தான் உருவினேன். திரும்பிப் போக அன்றைக்குப் பஸ் இல்லை. இரண்டு நாள் எங்களோடு நின்றாள், நாலு தரம் உருவினேன். போகும்போது படலையில் நின்று கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிவிட்டுப் போனாள். அதை வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் அக்கா அண்ணன் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே மச்சாளுக்குச் சீயாக்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் காணாதவர் மாதிரி மச்சாளிடம் கேட்டார்.

"பிள்ளை, மாசியிலை அரிவு வெட்டு வருகுது. இப்பிடிக் குனிஞ்சவள் குனிஞ்சபடி கிடந்தால் என்னெண்டு நான் வயலுக்கு இறங்கிறது? என்னை ஒருக்கா உருவிவிட மாட்டியோ?"

"என்னாலை குனிய ஏலாது அக்கா. நான் வாயாலை சொல்லுவன். கை அவவின்ரை" என்று மச்சாள் என்னைக் காட்டினாள்.

"அவளோ! ஐயோ கடவுளே! முதல் அவளின்ரை காலைக் கட்டிப் போடுங்கோ."

"கால் படாது அக்கா" என்றேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் அவரோடு பேசிய முதல் சொல் அதுதான். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு "என்னவாவது செய்து துலைக்கட்டும்" என்று பாயில் இருந்தார்.

குப்புறப் படுக்க அவரால் முடியவில்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலுக்கு இடையில் தலையணை வைத்து, காலிலிருந்து தொடங்கினேன். அக்காவின் வாய் ஓயவில்லை. "ஆ! மெல்லடி! கொலைகாரி! இவளைக் கட்டினவன் பாவம்! ம்... அதிலைதான். அதை விட்டிடாதை. ஆ, நாசமாய்ப் போவாள்!" ஏச்சு ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம். மச்சாள் கதிரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்த ஏச்சைக் கேட்கக் கேட்க அவ்வளவு சந்தோசம். ஆட்டுக்கு இல்லை, எனக்கே ஏசுகிறாரே!

ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். முதல் கிழமை வித்தியாசமே இல்லை. இரண்டாம் கிழமை குப்புறப் படுக்க முடிந்தது. மூன்றாம் கிழமை கிணற்றடியில் பாதி நிமிர்ந்து நின்றதைக் கண்டேன். உருவல்தான் செய்ததோ, நாட்கள்தான் செய்ததோ, எனக்குத் தெரியாது. மச்சாளைக் கேட்டால் "ரெண்டும்தான்" என்பாள். அரிவு வெட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

பொங்கல் கழிந்து வந்த ஒரு காலை. மச்சாள் அன்று வரவில்லை, நாங்கள் இரண்டு பேரும்தான். நான் கைகூப்பி இருந்தேன். மூச்சு ஆறவே இல்லை. கோபம் இல்லை, ஆனால் நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. இதோடு இவரைத் தொட்டால் சரிவராது என்று எனக்கே தெரிந்தது. தண்ணீர் குடிக்க எழும்பப் போனேன். பிறகு அப்படியே இருந்துவிட்டேன்.

"அக்கா, அண்டைக்கு வாய்க்கால்... உங்கடை முறைதான். நான்தான் நாளைப் பிழையாய் எண்ணினனான். கலண்டரிலை பேந்து பாத்தனான்."

அக்கா பாயின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"கால் வழுக்கேல்லை அக்கா. கோவத்திலைதான் மிதிச்சனான்."

வெளியே கோழி கொக்கரித்தது. அக்கா முகத்தைத் திருப்பவில்லை. "உருவு" என்றார்.

உருவினேன். வலப்பக்கம் காலிலிருந்து இடுப்புவரை, இடுப்பிலிருந்து தோள்வரை. ஏச்சு ஒன்றும் வரவில்லை. கண்ணிலிருந்து விழுந்தது அவர் முதுகில் படாமல் புறங்கையால் துடைத்துத் துடைத்து உருவினேன். பிறகு இருத்தி, கைகளைப் பின்னால் பிடித்து, முழங்காலை ஊன்றி, அவர் மூச்சு விடும் நேரம் பார்த்து மெல்லச் சாய்த்தேன். முதுகு வந்தது. தடுக்காமல், இறுகாமல், முழுதாக வந்தது. நான் கையை விட்டேன்.

அக்கா எழும்பினார். ஒரு கையைச் சுவரில் வைத்து எழும்பினார், பிறகு அந்தக் கையையும் எடுத்துவிட்டார். நேராக நின்றார். எவ்வளவு கட்டை ஆள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். நாரியில் கை வைத்துப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், ஒரு அடி முன்னுக்கு வைத்தார், பின்னுக்கு வைத்தார். "ஐயோ என்ரை அம்மாளாச்சி" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"இஞ்ச வா" என்றார்.

போனேன். எட்டி, குதிக்காலை உயர்த்தி, என் கன்னத்தில் பளார் என்று ஒன்று வைத்தார். காதுக்குள் கூவியது.

"அண்டைக்கே தெரியும் எனக்கு. என்ரை முதுகுக்குத் தெரியாதே, கோவக்காலும் வழுக்கின காலும்? நீயா வந்து சொல்லுவாய் எண்டு எத்தினை நாள் வேலியடியிலை நிண்டிருப்பன்!"

அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எது எதென்று தெரியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு திரும்பிப் பாயில் இருந்து, மெல்லச் சரிந்து, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? இடப்பக்கம் உன்ரை கொப்பரோ வந்து உருவுறது?"